உடலுறவு இல்லை, மாதவிடாயும் வரவில்லை: பயப்பட வேண்டுமா?

கேள்வி: 25 நாள்களுக்கு முன் நானும் நண்பரும் நெருக்கமாக இருந்தோம். உடலுறவு இல்லை, இருவருமே உள்ளாடையைக் கழற்றவில்லை. அவருக்கு விந்து வெளியேறித் துணி நனைந்தது. பயத்தில் மறுநாள் ஓர் அவசரக் கருத்தடை மாத்திரையும், ஒரு வாரம் கழித்து இன்னொன்றும் போட்டேன். இப்போது மாதவிடாய் 4 நாள் தள்ளிப்போயிருக்கிறது. கர்ப்பமாக இருப்பேனா?

பதில்: இல்லை. விந்தணு துணியைக் கடந்து நீந்தி கருப்பை வரை போகாது. துணியில் பட்ட விந்து காய்ந்ததும் அணுக்கள் செத்துவிடும்.

மாதவிடாயைத் தள்ளியது பெரும்பாலும் நீங்கள் போட்ட மாத்திரைதான். அதிலுள்ள 1.5 மி.கி. லெவோனார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் கருமுட்டை வெளியாவதைத் தாமதப்படுத்தும். முட்டை தாமதித்தால் மாதவிடாயும் தாமதிக்கும். இதைச் சொல்லாமலே மாத்திரையை விற்றுவிடுகிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போனதும் பலர் பயந்து அடுத்ததையும் வாங்குகிறார்கள்.

ஒரு சூழலில் மட்டும் கவனம் வேண்டும். துணி இல்லாமல், ஈரமான விந்து நேராக யோனி வாயில் படுவது, அல்லது விந்து படிந்த ஈர விரல் உள்ளே போவது. வாய்ப்பு குறைவு, ஆனால் உண்டு. ஆண்குறியிலிருந்து முன்னதாகக் கசியும் வழவழப்பான நீரிலும் சிலருக்கு விந்தணு இருக்கும். அது அங்கே பட்டாலும் இதே கணக்குதான். உள்ளே போன விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பயனில்லை. அப்போதுதான் இந்த மாத்திரை தேவை: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஒன்றே ஒன்று. 5 நாளுக்குள் மருத்துவரிடம் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) பொருத்திக்கொள்வது அதைவிட உறுதி.

மனம் ஆறாவிட்டால் நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டையை வைத்துச் சோதியுங்கள். நெருக்கமாக இருந்து 21 நாள் தாண்டிவிட்டதால் முடிவை நம்பலாம். அட்டையில் போட்டிருக்கும் நிமிடங்களுக்குள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும் சாம்பல் நிறக் கோடு சிறுநீர் காய்ந்த தடம். அந்தக் கோட்டைப் பார்த்துப் பதறுகிறவர்களைத்தான் கருக்கலைப்பு மாத்திரையை ரகசியமாக விற்கும் இடைத்தரகர்கள் பிடிக்கிறார்கள். ‘எதற்கும் போட்டுவிடு’ என்பார்கள், போடாதீர்கள். இல்லாத கர்ப்பத்துக்கு அது வீண் வலி, வீண் ரத்தப்போக்கு. கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

பள்ளியில் இந்தப் பாடத்தை ‘வீட்டில் படித்துக்கொள்’ என்று தாண்டிவிடுகிறார்கள். மருத்துவமனையில் பதிலுக்கு முன்னால் புத்திமதி சொல்கிறார்கள். பிறகு யாரிடம்தான் கேட்பார்கள், தரகரிடமா? கோபம்தான் வருகிறது.

சோதனையில் ஒற்றைக் கோடு வந்தால், அதாவது கர்ப்பம் இல்லை என்று காட்டினால், ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் மாதவிடாய் வராவிட்டால் சோதனையை ஒரு தடவை திரும்பச் செய்துவிட்டு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று மருத்துவரிடம் பாருங்கள்.