கேள்வி-பதில்: டேபெர்ரிக்கு விதை வாங்காதீர்கள்

கே: இணையத்தில் டேபெர்ரி விதை வாங்கினேன். முளைத்தது ஏதோ முட்செடி. வளர்த்த விதம்தான் தப்பு என்கிறார் விற்றவர். (ஹாரோ, லண்டன்)

ப: தப்பு உங்களுடையது இல்லை. டேபெர்ரி, பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் சேர்ந்த கலப்பினம். விதை போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. 1979-ல் ஸ்காட்லாந்தில் வெளியான அந்தச் செடியின் தண்டிலிருந்து வழிவழியாக வளர்த்த கன்றுகளைத்தான் நல்ல நாற்றங்கால்கள் இன்றும் விற்கின்றன. லோகன்பெர்ரி, பாய்சன்பெர்ரி என்ற கலப்பினங்களுக்கும் இதே கதைதான். பெருக்கச் சுலப வழி நுனிப் பதியம்: ஆகஸ்டில் புதுத் தண்டின் நுனியை 10 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள், வேர் விட்டதும் வசந்தத்தில் வெட்டிப் பிரித்தெடுங்கள். இது விதை விற்பவருக்குத் தெரியாதா? தெரிந்தே வண்ணப் படம் போட்டு விற்கிறார்கள். பார்க்கவே மனம் கொதிக்கிறது. விற்றவர் பிரிட்டன் வணிகர் என்றால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். மாற்று விதை தருகிறேன் என்றால் ஒப்பாதீர்கள், பணத்தையே கேளுங்கள்.

கே: வேலியோரம் 3 அடிக்கு ஒன்றாக 4 லோகன்பெர்ரி நட்டேன். ஒரே புதர். (லெஸ்டர்)

ப: ஒரு செடிக்கு 2.5 மீட்டர் வேண்டும். வாங்குமுன் அளந்திருக்க வேண்டும். இரு ஓரச் செடிகளை விட்டு, நடுவில் உள்ள இரண்டையும் நவம்பரில் பெயர்த்துவிடுங்கள்.

கே: டேபெர்ரியைக் குளிர்காலம்தோறும் தரைமட்டமாக வெட்டுகிறேன். 2 வருடமாகப் பழமே இல்லை. (குரொய்டன்)

ப: பழம் தரும் தண்டைத்தானே வெட்டுகிறீர்கள்! இந்த வருடம் முளைக்கும் தண்டு அடுத்த வருடம்தான் காய்க்கும். பறித்து முடிந்ததும் காய்த்த தண்டை மட்டும் அடியோடு எடுங்கள். தரையிலிருந்து 90 செ.மீ.யில் தொடங்கி 30 செ.மீ.க்கு ஒன்றாக 4 கம்பி இழுத்து, பழைய தண்டுகளை இடப்பக்கமும் புதியவற்றை வலப்பக்கமும் கட்டினால் குழப்பமே வராது.

கே: தொட்டிச்செடி வாங்கலாமா, மண்ணில்லாமல் வேரோடு வருவதா?

ப: நவம்பர் முதல் மார்ச் வரை வேரோடு வருவதே மலிவு. பூத்திருந்த தொட்டிச்செடிக்கு அதிக விலை கொடுத்து ஏமாந்திருக்கிறேன்; உள்ளே வேர் சுருண்டு இறுகியிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கே: முள்ளில்லா லோகன்பெர்ரியின் அடியில் முள் தளிர். ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. சில வகைகளில் முள்ளில்லாத் தன்மை மேல்தோலில் மட்டுமே இருக்கும். கொத்தும்போது வேர் அடிபட்டால் அங்கிருந்து முள் தளிர் கிளம்பும். வேரோடு பிய்த்தெடுங்கள், அருகே ஆழமாகக் கொத்தாதீர்கள்.

கே: சென்னை மாடித்தோட்டத்தில் வருமா?

ப: வராது. குளிர்கால ஓய்வு இல்லாமல் காய்க்காது.