குண்டடிக்கு வைத்தியம் பார்த்தேன், போலீஸுக்குச் சொல்லவில்லை

கேள்வி: மலையடிவாரத்தில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். இரண்டு நாட்களுக்கு முன் இரவில், தொடையில் குண்டடி பட்ட ஒருவரைத் தூக்கி வந்தார்கள். காட்டுப்பன்றி விரட்டும்போது நாட்டுத் துப்பாக்கி தவறி வெடித்ததாம். நான்கு பால்ரஸ் குண்டுகளை எடுத்துத் தையல் போட்டேன். "போலீஸுக்குச் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று அவர் மனைவி கதறியதால் சொல்லவில்லை. இப்போது தூக்கம் வரவில்லை.

பதில்: வைத்தியம் பார்த்ததற்காக ஒரு நொடியும் வருந்தாதீர்கள் டாக்டர். முன்பு ஒருமுறை, கார் மோதிய ஸ்கூட்டர்காரரை, போலீஸ் கேஸ் என்பதால் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் போனது. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை வைத்து பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. நீங்கள் தவறியது வைத்தியம் பார்த்ததற்குப் பிறகுதான்.

"குண்டுக்காயம்" என்ற சொல்லைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-வது பிரிவு, கொலை, கொள்ளை போன்ற சில குற்றங்களை அறிந்தவர் யாராயினும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கடமை இருந்தும் வேண்டுமென்றே மறைத்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 239-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். உங்களிடம் வந்தது வெறும் விபத்தாகவே இருக்கலாம். ஆனால் விபத்தா, கொலை முயற்சியா என்று தீர்ப்பது நம் வேலையல்ல. அதனால்தான் எந்தக் குண்டுக்காயத்தையும் மருத்துவமனைகள் விபத்துப் பதிவேட்டில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. அது புகார் அல்ல. நோயாளியின் சம்மதமும் தேவையில்லை.

காவல் நிலையத்துக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். அவர் வந்த நேரம், சொன்ன விவரம், காயம் இருந்த நிலை, தாமதத்தின் உண்மையான காரணம் எல்லாம் இருக்கட்டும். நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தயவுசெய்து முன்தேதி மட்டும் போடாதீர்கள். இரண்டு நாள் தாமதத்துக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லலாம், பதிவேட்டில் அடித்துத் திருத்திய தேதிக்கு என்ன சொல்வீர்கள்?

அந்த நான்கு குண்டுகளும் இன்னும் தட்டில் கிடந்தால், உலரவைத்துச் சிறு பாட்டிலில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, சீல் வைத்து ஒப்படையுங்கள். அவர் உடுத்திவந்த துணியையும் கேளுங்கள். ஓட்டையைச் சுற்றிய கரி எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்று காட்டும். தவறி வெடித்தது உண்மையானால், அவரைக் காப்பாற்றப்போவது அந்தத் துணிதான். துவைத்துவிட்டார்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

துப்பாக்கிக்கு உரிமம் இல்லாததால் அந்த அம்மா அழுதிருக்கலாம். ஆயுதச் சட்ட வழக்கு வரக்கூடும், அதைத் தடுக்க உங்களால் முடியாது. தகவல் போகிறது என்பதை முதலில் நீங்களே நோயாளியிடம் சொல்லி, ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். தையல் பிரிக்க அவர் உங்களிடம்தான் வர வேண்டும்.