கடனும் திரும்பி வந்தது, கோர்ட் நோட்டீஸும் வந்தது

கேள்வி: இரும்புக்கடை வைத்திருந்த என் பெரியப்பா மகனுக்கு, நகையை விற்று நாலு லட்சம் கடன் கொடுத்தேன். ஜனவரி கடைசியில் முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். மார்ச்சில் மஞ்சள் நோட்டீஸ் (கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் ஐ.பி. மனு) கொடுத்துவிட்டார். கோர்ட் அவரை நொடித்தவர் என்று அறிவித்த பிறகு, அந்தப் பணத்தை நான் திரும்பக் கட்ட வேண்டும் என்று ரிசீவர் (அவர் சொத்தைப் பொறுப்பெடுக்கக் கோர்ட் நியமித்தவர்) மனுப் போட்டிருக்கிறார். ‘மோசடி’ என்றும் எழுதியிருக்கிறது. என் பணத்தை நான் வாங்கியது குற்றமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை சகோதரி, பயப்படாதீர்கள். அந்த வார்த்தை 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் வருவது. பணம் கொடுத்தது சட்டப்படி செல்லாது என்பதுதான் அதன் பொருள். உங்கள் மேல் கிரிமினல் புகார் இல்லை.

கடனைக் கட்ட முடியாத நிலையில் இருப்பவர், ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் நோக்கத்தோடு பணம் கொடுத்து, அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஐ.பி. மனுவும் தாக்கலானால், கோர்ட் அதை ரத்து செய்யும். உங்கள் விஷயத்தில் மூன்று மாதம் ஆகவில்லை. தேதியைச் சொல்லித் தப்ப முடியாது.

மிச்சமிருப்பது நோக்கம். அதிலும் உங்கள் மனசை அல்ல, அண்ணன் மனசைத்தான் பார்ப்பார்கள். ‘ஊருக்குத் தராவிட்டாலும் தங்கச்சிக்குத் தந்துவிட வேண்டும்’ என்று அவராகவே கொண்டுவந்து கொடுத்திருந்தால், ரிசீவர் பக்கம் பலமாகிவிடும். நீங்கள் வக்கீல் நோட்டீஸ் விட்டு நெருக்கி, கேஸுக்குப் பயந்து கொடுத்தார் என்றால் அது சலுகை ஆகாது. பொறுமையாக இருந்தவரைவிடக் கறாராகக் கேட்டவருக்கு இது சாதகமாக இருப்பது எனக்கே உறுத்தல்தான். ஆனால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியவர் ரிசீவர். சொந்தக்காரர் என்ற ஒன்று மட்டும் அதற்குப் போதாது.

ஜனவரிக்கு முன் நீங்கள் பணம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உடனே வக்கீலைப் பாருங்கள். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு வந்துவிடும். ஒன்று, நீங்கள் நெருக்கவே இல்லையென்றால் நெருக்கியதாகச் சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது நிற்காது.

சரி, தோற்றால்? பணத்தைக் கட்டியதும் பழைய கடன் மறுபடி உயிர்பெறும். அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களோடு நீங்களும் விகிதப்படி பங்கு கேட்கலாம். முழுசாக வராது. வருகிற பங்குக்கும் கடனை நிரூபிக்க வேண்டும். பணம் வந்ததும், கடனுக்கு எழுதி வாங்கிய புரோநோட்டை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்; அதன் நகல் எங்காவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.