டிரேக் சமன்பாட்டில் 20,000 கோடி நாகரிகங்கள் என்று விடை வருவது ஏன்?

டிரேக் சமன்பாடு என்பது நம் விண்மீன் மண்டலமான பால்வெளியில் தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கலாம் என்று, பல உறுப்புகளைப் பெருக்கி மதிப்பிடும் முறை. நீங்கள் அனுப்பிய கணக்கில், பால்வெளியின் மொத்த விண்மீன்களான சுமார் 10,000 கோடியை முதல் உறுப்பாக இட்டிருக்கிறீர்கள். அங்கே வரவேண்டியது ஓராண்டில் புதிதாகப் பிறக்கும் விண்மீன்களின் எண்ணிக்கை, அதாவது ஏறத்தாழ 2. அதனால்தான் விண்மீன்களைவிட நாகரிகங்கள் கூடுதலாகிவிட்டன.

மொத்தத் தொகையைக் கொண்டு தொடங்கும் விளக்கங்களும் உண்டு என்பதால் இரண்டு முறைகளும் கலந்திருக்கலாம். அந்த முறையில் கடைசி உறுப்பு நாகரிகத்தின் ஆயுளாக இராது. அந்த ஆயுளைப் பால்வெளியின் வயதான சுமார் 1,300 கோடி ஆண்டுகளால் வகுத்த பின்னமாக இருக்கும்.

அலகுகளை எழுதிப் பாருங்கள். உங்கள் மற்ற மதிப்புகளையே வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2 விண்மீன்கள் × கோள் உள்ளவை 1 × உயிர் வாழத்தக்க கோள்கள் 0.2 × உயிர் தோன்றுதல், அறிவு வளர்தல், தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றின் வாய்ப்பு தலா 0.1 × நாகரிகத்தின் ஆயுள் 10,000 ஆண்டுகள் = 4. ஆண்டு என்னும் அலகு அடிபட்டு வெறும் எண்ணிக்கை எஞ்சினால் அலகுகள் சரி.

ஆனால் இந்த 4 என்பதை நம்பிவிட வேண்டாம். அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் 1961இல் இதை முன்வைத்தது விவாதத்தை ஒழுங்குபடுத்தவே. உயிர் தோன்றும் வாய்ப்புக்கு நம்மிடம் பூமி என்னும் ஒரே சான்றுதான் உள்ளது. அந்த ஓர் உறுப்பே பல கோடி மடங்கு மாறக்கூடும் என்பதால், தனி எண்ணுக்குப் பதிலாக ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வீச்சைக் கொடுத்துக் கணக்கிடுவதே நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து.