தெரிந்த பாட்டும் அப்பத்தாவின் உரலும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைக்காரனான நான் லண்டனில் வேலை பார்க்கிறேன். 2013-இல் இங்குள்ள டொமினியன் அரங்கில், குயீன் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் பாடல்களைக் கோத்து அமைத்த ‘வீ வில் ராக் யூ’ இசை நாடகத்தை மகனோடு பார்த்தேன். கதை என்று ஒன்றுமில்லை. பாட்டு தொடங்கினாலே கூட்டம் கை தட்டியது, கூடவே பாடியது, கடைசியில் எழுந்து நின்றது. இதை நாடகம் என்று சொல்லலாமா? டிக்கெட் விலையும் அநியாயம்.

– சு.

அன்புள்ள சு.,

டிக்கெட் விலை உங்கள் பாடு. கதையைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். இசைக்கருவிகள் தடைசெய்யப்பட்ட எதிர்காலம், உலகை ஆளும் ஒரு நிறுவனம், அதை எதிர்க்கும் இளைஞன் என்று பென் எல்டன் எழுதியதெல்லாம் பாட்டுகளை மாட்டிவைக்க அடித்த ஆணிகள். 2002 மே மாதம் அது அரங்கேறியபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனாலும் 2014 மே வரை அதே அரங்கில் ஓடியது. 12 ஆண்டுகள் வந்துகொண்டிருந்த அத்தனை பேரையும் ரசனை கெட்டவர்கள் என்று ஒதுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கை தட்டலுக்கு முகம் சுளித்தீர்களே, நாடகத்துக்குப் பெயர் தந்த பாட்டு எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? 1977-இல் இங்கிலாந்தின் பிங்லி ஹால் அரங்கில் கச்சேரி முடிந்த பிறகும் கலையாத கூட்டம், குயீன் குழுவினரைப் பார்த்துத் தானாகவே ஒரு பாட்டைப் பாடியது. அதைக் கேட்டு நெகிழ்ந்த கிதார்க் கலைஞர் பிரையன் மே, நெருக்கியடித்து நிற்கிறவர்களால் வேறு என்ன செய்ய முடியும் என்று யோசித்து, இரண்டு மிதி, ஒரு கைதட்டல் என்ற தாளத்தில் அந்தப் பாட்டை எழுதினார். கூட்டத்தின் காலுக்கும் கைக்கும் என்றே எழுதிய பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்வது போன்றது.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் என் அப்பத்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசி, பங்குனியில் காரைக்குடிப் பக்கத்துக் கோயில்களில் வள்ளி திருமண நாடகம் போட்டால், இரவு பத்து மணிக்கே கோரைப்பாயோடு போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிடுவார். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் தர்க்கமும் அவருக்கு மனப்பாடம்; நம் ஊர் மெய்யப்ப செட்டியார் 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யைப் படமாக எடுத்து டி.ஆர். மகாலிங்கத்தைப் பாடவைத்த பிறகு, ‘காயாத கானகத்தே’ யாருக்குத்தான் தெரியாது? பபூன் பேசும்வரை மடியிலிருந்த சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே இருப்பார். ராஜபார்ட் ‘காயாத’ என்று எடுத்ததும் உலக்கை அந்தரத்தில் நின்றுவிடும். ஒரு வருடம், களைப்போ அவசரமோ, ராஜபார்ட் ஒரு வரியை விழுங்கிவிட்டார். ‘டங்’ என்று ஒரே இடி. மேடையோரம் இருந்த ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்த்தார். ராஜபார்ட்டும் சிரித்துக்கொண்டே மறுபடி எடுத்து அந்த வரியை முழுதாகப் பாடினார். அதன் பிறகுதான் அப்பத்தா பாக்கை வாயில் போட்டார்.

தெரிந்த பாட்டைக் கேட்க வருகிறவரை ஏமாற்றுவது கடினம். குயீன் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி 1991-இலேயே போய்விட்டார். டொமினியனில் பாடிய பிள்ளைகள் ஒவ்வொரு இரவும், கேட்பவர் காதில் குடியிருந்த அந்தக் குரலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்காக ஓர் அரங்கமே எழுந்து நின்றதென்றால் அதைத் தேர்வில் தேறியதற்குச் சமமாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். கூடவே பாடிப் பாடகரை அமுக்கிவிடுகிறவர்கள் மேல் எனக்கும் எரிச்சல்தான். அப்பத்தா ஒருநாளும் கூடப் பாடியதில்லை.

கதையெல்லாம் முடிந்த பிறகு அங்கே குயீனின் ‘பொஹீமியன் ராப்ஸடி’ பாட்டைப் பாடுவார்கள். சுற்றியிருந்தவர்கள் எழுந்ததை எழுதிய நீங்கள், அப்போது உங்கள் கால் சும்மா இருந்ததா என்பதை எழுதவில்லை. பக்கத்தில் இருந்த மகனைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.