பழைய இரும்பில் ஒரு சாய்வு சைக்கிள்: கேள்வி பதில்

முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிளை வீட்டிலேயே கட்டுவது பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் ஒரு பெரிய மலையேறும் சைக்கிளும், 20 அங்குலச் சக்கரம் கொண்ட பிள்ளைகள் சைக்கிளும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. போதுமா? (இடைநிலைப்பள்ளி மாணவர்)

ஏறக்குறைய போதும், தம்பி. முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம். இரும்போடு சேர்த்துப் பற்றவைக்க முடியாது. பெரிய சைக்கிளின் பின்முக்கோணத்தை, அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சட்டப் பகுதியை, சக்கரம், கியரோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன சைக்கிளிலிருந்து முன்சக்கரத்தைத் தாங்கும் கவையையும் (போர்க்) அது நுழையும் குழாயையும் எடுங்கள். தொழிற்சாலையில் நேராகச் செய்து வந்த பாகங்களைக் குலைக்காமல் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது.

இன்னும் ஒன்று வேண்டும்: பெடல் அச்சு சுழலும் குழாய். அதற்காகப் பழைய இரும்புக் கடையில் ஓர் உடைந்த பெரிய பிரேம் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சைக் கழற்றும்போது, பெரும்பாலான மலையேறும் சைக்கிள்களில் செயின் பக்கத்து மறை தலைகீழாக இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகி மறையைக் கெடுத்துவிடாதீர்கள்.

எவ்வளவு நீளத்தில் கட்டுவது? அளவு எங்காவது கிடைக்குமா? (ஆசிரியை)

அளவு உங்கள் உடம்பில் இருக்கிறது, அக்கா. சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். சுவரிலிருந்து குதிகால் வரை அளந்துகொள்ளுங்கள். அதை வைத்து இருக்கையையும் பெடலையும் வெறும் பலகையில் பொருத்தி உட்கார்ந்து பாருங்கள். பெடல் எட்டத்தில் இருக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். திரும்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இது சரியாகும்வரை இரும்பில் கைவைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

கிரில் கதவு செய்யும் பட்டறையில் பற்றவைத்துத் தருவார்களா? சட்டம் கோணினால் என்ன செய்வது? (செம்பனைத் தோட்டத் தொழிலாளி)

தருவார்கள். அவர்களிடம் இருக்கும் 40 மில்லிமீட்டர் சதுரக் குழாயே, முன்பாகத்தையும் பின்பாகத்தையும் இணைக்கும் நடுத்தண்டுக்குப் பொருந்தும். துத்தநாகம் பூசிய குழாயாக இருந்தால், பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முழுவதும் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

கோணலுக்குக் காரணம் சூடுதான். பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஆகவே ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போகக் கூடாது. நான்கு மூலையிலும் பொட்டு வைப்பதுபோலச் சிறிதாகப் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். பிறகு ஒரு நூலைப் பின்சக்கரம் பொருந்தும் இடது காதில் கட்டி, முன் போர்க் குழாயைச் சுற்றி, வலது காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் நடுத்தண்டுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா? இல்லையென்றால் பொட்டை அறுத்துத் திருத்துங்கள். சரியாக இருந்தால் எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றிப் பற்றவைத்து, ஒவ்வொரு முறையும் நூலைப் பாருங்கள்.

செயின்? (மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவர்)

பெடல் முன்னால் தள்ளி இருப்பதால் இரண்டு, மூன்று செயின்களை இணைக்க வேண்டிவரும். எல்லாம் ஒரே அகலமாக இருக்கட்டும். நடுவில் செயினைத் தாங்கும் உருளை இழுவிசை முழுவதையும் வாங்குகிறது. கியரிலிருந்து கழற்றிய சிறு பிளாஸ்டிக் சக்கரம் அங்கே தாங்காது. பேரிங் பதித்த நைலான் உருளை போடுங்கள்.

மழையில் இருக்கை ஊறாதா? (இல்லத்தரசி)

பஞ்சு வைத்தால் ஊறும். குழாய்ச் சட்டத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டினால் தண்ணீரும் நிற்காது, முதுகும் வியர்க்காது.

சாதாரண சைக்கிளைவிட இது வேகமா? (ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்ட எழுத்தர்)

சமதரையில் வேகம்தான், ஐயா. தாழ்ந்து சாய்வதால் காற்று குறைவாகவே தடுக்கிறது. 1933இல் பிரான்சு நாட்டு வீரர் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மோஷே வடிவமைத்த இத்தகைய சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 1914 முதல் நின்ற சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே உலக சைக்கிள் சங்கம் இந்த வகையைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. அது நியாயமற்ற முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. மிகச் சிறிய கியர் அவசியம்.

இதை ஈப்போ சாலையில் ஓட்டலாமா? (மாணவரின் தாயார்)

உடனே வேண்டாம், அம்மா. முதலில் பள்ளித் திடலில் புறப்படவும் நிற்கவும் பழகட்டும். பிறகு தோட்டத்துச் செம்மண் பாதை. அங்கே செம்பனை மட்டையின் முள் டயரைக் குத்தும், உதிரி டியூப் கையில் இருக்க வேண்டும். பெருஞ்சாலையில் லோரி ஓட்டுநரின் கண்ணுக்கு இவ்வளவு தாழ்ந்த வண்டி தெரியாமல் போகலாம். இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேல் நிற்கும்படி ஒரு கம்பியில் ஆரஞ்சுக் கொடி, பின்புறம் சிவப்பு விளக்கு, கைப்பிடியில் கண்ணாடி: இந்த மூன்றும் இல்லாமல் அந்தச் சாலையில் ஏற விடாதீர்கள்.