உள்ளங்கால் எரிச்சலும் குழந்தைகளின் நுண்நரம்பு நோயும்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. ஐந்து மாதமாக இரவில் இரண்டு உள்ளங்கால்களும் எரிகின்றன என்று அழுகிறாள். வாளித் தண்ணீரில் காலை வைத்த பிறகுதான் தூங்குகிறாள். எழுந்து நின்றால் தலைசுற்றல், அடிக்கடி வயிற்றுவலி. மதுரையில் எடுத்த நரம்புச் சோதனை சரியாக இருக்கிறது. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்கிறார்கள் உறவினர்கள். என் தங்கைக்கு லூபஸ் உண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? (ஒரு தாய், பாம்பன்)

பதில்: இதை நடிப்பு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நீங்கள் சொல்லும் சோதனை தடித்த நரம்பிழைகளின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. வலியையும் சூட்டையும் உணர்த்துவதோடு வியர்வை, இதயத் துடிப்பு, குடல் அசைவு ஆகியவற்றையும் நடத்துகிற மெல்லிய இழைகள் அதில் அகப்படுவதே இல்லை. ஆகவே எரிச்சல், தலைசுற்றல், வயிற்றுவலி மூன்றுக்கும் அந்த இழைகளின் பழுதே, அதாவது நுண்நரம்பு நோயே, காரணமாக இருக்கக்கூடும்.

தங்கையின் நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் இயல்பு சில குடும்பங்களில் ஓடுகிறது. ஒருவருக்கு லூபஸாக வருவது மற்றவருக்கு வேறு வடிவில் வரலாம். அமெரிக்காவில் 2013இல் ஓக்லாண்டரும் க்ளைனும் வெளியிட்ட ஆய்வில், இளம் வயதிலேயே காரணம் புரியாத உடல்வலி தொடங்கிய 41 பேரில் 59 விழுக்காட்டினருக்கு நுண்நரம்பு நோய் உறுதியானது. மூன்றில் ஒருவருக்குத் தன்னுடல் தாக்கு நோய் ஏற்கெனவே இருந்தது. நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் ஸ்டீராய்டோ, பிறர் இரத்தத்திலிருந்து பெறும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினோ பெற்ற 15 பேரில் 12 பேர் பயனடைந்தார்கள். ஆனால் அது சிறிய ஆய்வு, சிகிச்சையின் பயனை அது பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. காரணம் தெரியாத நுண்நரம்பு நோயுள்ள பெரியவர்கள் 60 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இம்யூனோகுளோபுலின், மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்தைவிட மேலானதாக இல்லை. எனவே, சான்று கிடைக்கும் முன் ஸ்டீராய்டு தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

முதலில் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 பாருங்கள். கூடவே லூபஸுக்கும், கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோய்க்கும் உரிய எதிர்ப்பொருள் சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். வியர்வை குறைவாக இருந்தால் ஃபேப்ரி என்னும் பரம்பரை நோயையும் எண்ண வேண்டும். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருக்கிறதா என்று உடல் முழுதும் தேடுங்கள். தொழுநோய் நம் நாட்டில் இன்னும் ஒழிந்துவிடவில்லை. இவற்றில் விடை கிடைக்காவிட்டால், கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் தோல் எடுத்து நரம்பிழைகளை எண்ணும் சோதனை உண்டு. அது எல்லா ஊரிலும் கிடைக்காது. நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

காலை நெடுநேரம் தண்ணீரில் ஊறவிட வேண்டாம், ஐஸ் கூடவே கூடாது. தோல் நைந்து புண்ணாகிவிடும். இந்நோயில் எரிச்சல் இருக்கும்போதே வெளிச்சூடு உறைக்காமல் போவதும் உண்டு. ஆகவே நண்பகல் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் விடாதீர்கள். சிப்பியோ பவளக் கல்லோ கிழித்த காயம் இருக்கிறதா என்று இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். கால் வலுவிழந்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.